அரைத் தேக்கரண்டி என்று நான் சொன்னது

மகன்,

இதைக் கையால் எழுதுகிறேன். நேரே சொன்னால் நீ போனைப் பார்த்தபடியே "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்று தலையாட்டிவிட்டு எழும்பிப் போய்விடுவாய். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒரு பெருவிரலைப் போட்டு முடித்துவிடுவாய். கடதாசியில் எழுதி உன் மேசையில் வைத்தால், அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்தாவது முழுக்க வாசிப்பாய். பயப்படாதே, எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் முழுக்க வாசி.

உன் கலியாணத்துக்கு இன்னும் ஆறு கிழமை இருக்கிறது. அதற்கு முன் உனக்குச் சொல்லியே ஆகவேண்டிய ஒன்று இருக்கிறது. நீ வேலை செய்கிற அந்த ஆராய்ச்சிக்கு நான் பொய் சொன்னேன். அதுவும் நீ கட்டப்போகிற பெண்ணின் முகத்தைப் பார்த்து, கொஞ்சமும் கூசாமல், ஒன்றன் பின் ஒன்றாக. அவற்றில் பெரும்பாலானவை உப்பு, எண்ணெய் சமாச்சாரம், சிரித்துவிட்டுப் போகலாம். ஒன்று மட்டும் உன் அப்பாவின் நெஞ்சைப் பற்றியது. அதனால் அவர் ஐந்து மாதம் சோதனையும் இல்லாமல் வைத்தியமும் இல்லாமல் இருந்தார். துறைமுகத்துக்குப் பக்கத்தில், சரக்குப் பெட்டிகளை வெளியே எடுத்துக் கொடுக்கிற ஒரு கிளியரிங் கந்தோரில் முப்பது வருடம் படிவம் நிரப்பிச் சம்பளம் வாங்கியவள் நான். உள்ளதை உள்ளபடி எழுதாவிட்டால் பெட்டி உள்ளேயே கிடக்கும் என்று எத்தனை பேருக்குப் பிரசங்கம் வைத்திருப்பேன். அந்த நான்தான் இதைச் செய்தேன்.

தொடக்கம் உனக்குத் தெரியும். கொழும்பு வீடுகளில் சனங்கள் அன்றாடம் என்ன செய்கிறார்கள், எந்த அடுப்பில் சமைக்கிறார்கள், எவ்வளவு உப்புப் போடுகிறார்கள், யார் சிகரட் பிடிக்கிறார்கள், யாருக்கு இருமல் என்றெல்லாம் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதுகிற ஆராய்ச்சி. நீ கந்தோரில் இருந்து பதில்களைச் சேர்த்துப் பார்க்கிறவன். படியேறிக் கேட்கிறவர்கள் வேறு ஆட்கள். எங்கள் கொட்டாஞ்சேனைத் தொடர்மாடியும் அந்தப் பட்டியலில் விழுந்தது. பதில்கள் உன்னிடம் பெயரில்லாமல் இலக்கத்தோடுதான் வரும், சொந்த வீட்டில் நீ கேட்கவும் கூடாது, அது சட்டம் என்றாய். "வேற ஒரு ஆள் வருவா. பேர் மயூரி. ஒழுங்காப் பதில் சொல்லுங்கம்மா" என்றாய். அந்தப் பெயரைச் சொல்லும்போது பிரிட்ஜுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றாய். உள்ளே எடுப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அடுத்த நாள் குசினிச் சுவரில் படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துணி போட்டுத் துடைத்தாய். பிறந்ததிலிருந்து ஒரு கோப்பை கழுவாத பிள்ளை சுவரைத் துடைத்தால் தாய்க்கு வேறு சாட்சி தேவையா?

அதோடு என் புத்தி வேலை செய்வதை நிறுத்திவிட்டது. வருகிறவள் ஆராய்ச்சிக்காக வருகிறாள் என்பதை மறந்தேன். எங்கள் வீட்டைப் பார்க்க வருகிறாள் என்றே எடுத்துக்கொண்டேன். மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்கப் போவதுதான் வழக்கம். இங்கே பெண்ணே தனியாக வந்து, மாமியாரின் அடுப்பையும் உப்புச் சாடியையும் பார்த்து, எல்லாவற்றையும் எழுதிக்கொண்டும் போகப்போகிறது. அதுவும் வெள்ளவத்தைப் பிள்ளை. சிரிக்காதே. கொட்டாஞ்சேனை என்று சொன்னால் வெள்ளவத்தை ஆட்கள் முகத்தை எப்படி வைத்துக்கொள்வார்கள் என்பதைக் கந்தோரில் பக்கத்து மேசையில் பார்த்தவள் நான். போதாததற்கு அவர்கள் சைவம், நாங்கள் வேதம், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். வருகிற நாளும் வெள்ளிக்கிழமை. கருவாட்டை மூன்று பொலித்தீன் பையில் சுற்றி அலுமாரிக்குள், அப்பாவின் கோட்டுக்குக் கீழே வைத்தேன். உன் கலியாணத்துக்கு அவர் போடப்போகிற கோட்டும் அதுதான், அதனால் அதை இப்போதே டிரை கிளீனிங்குக்குக் கொடுத்துவிடு. பின் பால்கனியில் அவர் சிகரட் கட்டைகள் போடுகிற பால்மா டின்னைப் பழைய வாளிக்குள் போட்டு மூடினேன். அவரை மூடி வைக்க முடியாதே, அதனால் பேக்கரிக்குப் பாண் வாங்க அனுப்பினேன்.

மயூரி வந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, டேப்லட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "ஆன்ட்டி, இதில சரி பிழை எண்டு ஒண்டும் இல்ல. நீங்க வழமையாச் செய்யிறதை அப்படியே சொன்னாக் காணும்" என்றாள். எவ்வளவு நல்ல வார்த்தை. நான் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"ஒரு நாள் சமையலுக்கு எவ்வளவு உப்புப் போடுவீங்க?"

"அரைத் தேக்கரண்டி."

"எல்லாக் கறிக்கும் சேர்த்தா?"

"ஓம், எல்லாத்துக்கும் சேர்த்துத்தான். எங்கட வீட்டில உப்புக் குறைவு."

அவள் ஒரு தரம் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு எழுதிக்கொண்டாள். பொரிப்பது? எப்போதாவது, பெருநாளைக்கு. அன்று காலை பொரித்த மிளகாயின் நெடி அப்போதும் குசினியை விட்டுப் போகவில்லை. தேங்காய்ப்பால்? ஞாயிற்றுக்கிழமை மட்டும். சமைக்கும்போது ஜன்னல் திறந்திருக்குமா? எப்போதும் திறந்துதான். அந்த ஜன்னலின் கொக்கி துருப்பிடித்து இறுகி எத்தனை வருடம் என்று உனக்கே தெரியும். பொய் சொல்லச் சொல்ல எனக்கு உற்சாகம் கூடியது. இப்படி ஒரு வீட்டில் வாழ்ந்தால் எப்படி இருக்கும் என்று எனக்கே ஆசையாக இருந்தது.

"வீட்டில யாரும் சிகரட் பத்துறவையா ஆன்ட்டி?"

"இல்ல பிள்ளை. எங்கட வீட்டில அந்தப் பழக்கமே இல்ல."

சொல்லி வாய் மூடவில்லை, அப்பா பாணோடு வந்து நிற்கிறார். மூன்று மாடி ஏறிய மூச்சு. சட்டையிலிருந்து வருகிற வாசத்துக்கு விளக்கம் தேவையில்லை. "பஸ் ஹோல்டில நிக்கிறவங்கள் எல்லாரும் பத்துறாங்க பிள்ளை, அதுதான் இவரிலயும் மணக்குது" என்றேன். அப்பா என்னைப் பார்த்தார். மற்றவர்களுக்கு முன்னால் என்னை மறுத்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை. பாணைக் கொண்டுபோய்க் குசினியில் வைத்துவிட்டு அறைக்குள் போனார். மயூரி டேப்லட்டைத் தொட்டாள். "சரி ஆன்ட்டி. பத்துறவை இருந்தா நெஞ்சுச் சோதனை ஒண்டு இலவசமாச் செய்து, வைத்தியமும் ஒழுங்கு செய்து குடுக்கிறம். அதுக்குத்தான் கேட்டனான். உங்களுக்கு அது தேவைப்படாது" என்றாள். அவள் போன பிறகு, பரீட்சையில் முதலாம் ஆளாக வந்த சந்தோசத்தோடு கருவாட்டை எடுத்துப் பொரித்தேன்.

அப்பாவின் இருமல் புதிதல்ல. காஸ் கிடைக்காத அந்த வருடம் பால்கனியில் செங்கல் அடுக்கி, பழைய பெட்டிப் பலகையை எரித்துச் சமைத்தோமே, அந்தப் புகையில் வந்த இருமல் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். காஸ் திரும்பி வந்தது. அடுப்பும் நீலமாக எரிந்தது. இருமல் போகவில்லை. நான் மட்டும் கதையை மாற்றவில்லை. ஒவ்வொரு முறை படியேறும்போதும் இரண்டாம் மாடியில் ஃபரீதா ராத்தா வீட்டு வாசலில் அப்பா நின்று கதைப்பதைப் பார்த்து, இந்த மனுசனுக்கு ஊர்க்கதை என்றால் போதும் என்று திட்டவும் செய்தேன்.

பிறகு ஒரு நாள் இரவுச் சாப்பாட்டில் நீ சினந்து கதைத்தாய், நினைவிருக்கிறதா? "இந்தப் பக்கத்து வீடுகள்ல முக்கால்வாசிப் பேர் அரைத் தேக்கரண்டிதான் உப்பாம். ஒருத்தரும் பத்துறதில்லையாம். பிறகு இந்தச் சனம் எல்லாம் ஏன் இருமுது? இதை நம்பித்தானேம்மா அடுத்து யாருக்கு என்ன செய்யிறதெண்டு முடிவெடுக்கப்போறம்." நீ சொன்ன அந்தச் சனத்தில் ஒருத்தி உனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. அதற்குள் நீ மயூரியைப் பற்றி வீட்டில் சொல்லி, நாங்கள் வெள்ளவத்தைக்குப் போய் அவள் தாய் தகப்பனோடு கதைத்து, எல்லாம் நல்லபடியாக முடிந்திருந்தது. இனிப் போய் "நான் சொன்னது எல்லாம் பொய்" என்றால் என்ன நினைப்பார்கள்? இப்படித்தான் யோசித்தேன். என் மரியாதையைப் பற்றி யோசித்த அளவுக்கு அவருடைய மூச்சைப் பற்றி யோசிக்கவில்லை. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஒரு சனிக்கிழமை காலை. நீ வேலைக்குப் போயிருந்தாய். மீன் வாங்கப் போன அப்பா வர நேரமானது. எட்டிப் பார்த்தால் இரண்டாம் மாடிப் படியில் உட்கார்ந்திருக்கிறார், மீன் பை பக்கத்தில் சரிந்து கிடக்கிறது. ஃபரீதா ராத்தா தண்ணீர்க் கோப்பையோடு நிற்கிறா. அப்பா உதடு வெளுத்து, ஒரு சொல் சொல்ல இரண்டு தரம் மூச்செடுத்தார். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது, அவரே எழும்பி வந்தார். ஆனால் ராத்தா என்னைப் பிடித்து நிறுத்தினா. "என்ட மனுசன் நெஞ்சுச் சோதனைக்குப் போய் அந்தக் கொழாய ஊதிட்டு வந்தார். மருந்தும் தந்து, விடுற வழியும் சொல்லிக் குடுத்தாங்க. ஒங்கட ஊட்டுக்கு அந்தப் புள்ள வரல்லியா?" என்று கேட்டா. வந்தாள் ராத்தா. வந்து, எல்லாரிடமும் கேட்டதைத்தான் என்னிடமும் கேட்டாள். நீங்கள் உள்ளதைச் சொன்னீர்கள். நான் சொல்லவில்லை. இதை ராத்தாவிடம் சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து, மீனைக்கூடக் கழுவாமல், மயூரிக்குப் போன் எடுத்தேன்.

பின்னேரமே வந்தாள். மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "முதல்ல இருந்து கேக்கட்டா ஆன்ட்டி?" என்றாள். மாற்றலாமாம். ஆனால் முதல் சொன்ன பதிலும் அழியாமல் பக்கத்திலேயே இருக்குமாம், மாற்றிச் சொன்னது என்ற குறிப்போடு. நல்லது, இருக்கட்டும் என்றேன். உப்பு, கையால் அள்ளிப் போடுவது. அவள் டிஜிட்டல் தராசை எடுத்து, என் கையால் அள்ளச் சொல்லி நிறுத்தும் பார்த்தாள். எவ்வளவு என்று உனக்குச் சொல்லமாட்டேன். பொரிப்பது, நாளாந்தம். தேங்காய்ப்பால், அதுவும் நாளாந்தம். ஜன்னல், திறக்க வராது. அவள் எழும்பிப் போய் ஜன்னலைத் தள்ளிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"உங்களுக்குச் சந்தேகம் வரேல்லையா பிள்ளை, அண்டைக்கு?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியும் ஆன்ட்டி. அங்கிள் பத்துறவர் எண்டு உங்கட மகன் முதலே கதையோட கதையாச் சொல்லியிருக்கிறார். ஆனா நீங்க சொல்லாததை நான் எழுதக்கூடாது. உங்கட வீட்டுப் பதிலை நான் அவரிட்டச் சொல்லவும் கூடாது." பிறகு, "ரெண்டு மூண்டு தரம் உங்களுக்குப் போன் எடுக்க யோசிச்சனான். கலியாணக் கதையும் வந்திட்டுது, நீங்க என்ன நினைப்பீங்களோ எண்டு விட்டிட்டன். அது என்ட பிழை" என்றாள். நான் அவளுக்குப் பயந்ததுபோல அவளும் எனக்குப் பயந்திருக்கிறாள். இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் மதித்துக்கொண்டிருக்க, நடுவில் ஒரு மனுசன் மூச்சுக்குத் தவித்திருக்கிறார். மகன், குடும்பத்தில் பாதிப் பிழை இந்த மரியாதையில்தான் நடக்கிறது. சண்டை பிடிக்கிற வீடுகளில்கூட ஒரு பிரச்சினை வெளியே வந்துவிடும்.

"அங்கிள் ஒரு நாளைக்கு எத்தினை பத்துவார்?"

"அஞ்சு" என்றேன். இந்த முறை நான் நினைத்த உண்மை அதுதான். அறைக் கதவு திறந்தது. அப்பா வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பத்து" என்றார். "வேலைக்குப் போன காலத்தில அதுக்கும் மேல. இவவுக்கு அஞ்சுதான் தெரியும். மற்ற அஞ்சும் வெளியில." பிறகு என்னைப் பாராமல், "ரெண்டாம் மாடியில நான் கதைக்க நிக்கிறதில்ல. ஏற ஏலாமத்தான் நிக்கிறனான். சும்மா நிண்டாக் கேப்பாங்கள் எண்டு எதையாவது கதைக்கிறது" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பொய் சொன்னவள் நான் மட்டும் என்று நினைத்திருந்தேன். அந்த மனுசன் வருடக்கணக்கில் படிக்கட்டில் நின்று நடித்திருக்கிறார், நானும் அதை நம்பி ஏசியிருக்கிறேன்.

அடுத்த கிழமை சோதனைக்குப் போனோம். களனியில் ஒரு கூட்டாளியைப் பார்க்கப் போகிறோம் என்று உன்னிடம் சொன்ன அந்த நாள்தான். ஒரு குழாயை வாயில் வைத்து, அடி வயிற்றிலிருந்து ஊத வேண்டும். அப்பா மூன்று தரம் ஊதினார். பழுது இருக்கிறது, ஆனால் மோசமான இடத்துக்குப் போகவில்லை, இன்றைக்கே விட்டால் காப்பாற்ற நிறைய இருக்கிறது என்று டொக்டர் சொன்னா. வெளியே வந்து அப்பா கேட்ட முதல் கேள்வி, "இனி உப்பையும் குறைப்பியா?" என்பது. அவர் சிகரட்டை விட்டு மூன்று மாதமாகிறது. ஒரு செத்த வீட்டில் இரண்டு பிடித்துவிட்டு வந்து, வாசலிலேயே நின்று சொன்னார். நான் ஏசவில்லை. ஏசினால் அடுத்த முறை சொல்லமாட்டார் என்று மயூரி சொல்லித் தந்திருந்தாள். அதன் பிறகு இல்லை. காலை இருமல் குறைந்திருக்கிறது. நீயும் போன மாதம், "அப்பா இப்ப நல்லா நித்திரை கொள்றார் என்ன?" என்று கேட்டாய். கவனமாகப் பார்த்திருக்கிறாய், ஏன் என்றுதான் கேட்கவில்லை. ஜன்னலுக்குப் புதுக் கொக்கி போட்டாயிற்று. உப்பை இப்போது கரண்டியால் போடுகிறேன், அரைத் தேக்கரண்டிக்கு இன்னும் தூரம்.

இத்தனையும் உனக்கு மயூரி சொல்லவில்லை. ஒரு சொல்கூட. அப்படிப்பட்டவள் உனக்குக் கிடைத்திருக்கிறாள். அதனால்தான் இனி எழுதப்போவதை எழுதுகிறேன்.

அன்று அப்பாவின் பதிலை எழுதி முடித்ததும் அவள் கேட்டாள்: "வேற யாரும் பத்துறவையா ஆன்ட்டி?" அப்பா என்னைப் பார்த்தார். நான் மேசை விரிப்பைப் பார்த்தேன். ஆம் மகன், எங்களுக்குத் தெரியும். உன் ஜீன்ஸைத் தோய்க்கப் போட்டபோது லைட்டர் கிடைத்து இரண்டு வருடமாகிறது. மெஷினுக்கு மேல் வைத்தேன். அடுத்த நாள் அது அங்கே இல்லை. நீயும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சிகரட்டால் வருகிற நோய் வருத்தத்தைப் பகல் முழுக்க எண்ணிவிட்டு, கந்தோருக்குப் பின்னால் போய்ப் பற்றவைக்கிறவனை என்னவென்று சொல்வது? ஏசத்தான் ஆசை. ஆனால் எந்த முகத்தோடு ஏசுவது? உனக்கு ஏழு வயதில், கறி அடுப்பில் இருக்கிறது என்று, அப்பாவுக்கு ஒற்றைச் சிகரட் வாங்க உன்னைச் சந்திக் கடைக்கு அனுப்பியது நான்தான். "மல்லி, தாத்தாட்டத?" என்று, தம்பி, அப்பாவுக்கா என்று கடைக்காரர் சிங்களத்தில் கேட்டுச் சிரித்துக்கொண்டே தருவார் என்று நீ வந்து பெருமையாகச் சொல்வாய். நானும் சிரித்தேன். அந்தச் சிகரட்டை முதலில் உன் கையில் பிடிக்க வைத்தவள் நான். இதற்கு என்னை மன்னித்துக்கொள்.

மயூரிக்கு நான் இல்லை என்று சொல்லவில்லை. அன்று இன்னொரு பொய் சொல்ல எனக்குத் தெம்பிருக்கவில்லை. ஓம் என்றும் சொல்லவில்லை. அது நீ சொல்ல வேண்டியது. "அதை அவனிட்டக் கேளுங்க பிள்ளை" என்றேன். "ஆராய்ச்சியில வேலை செய்யிற ஆக்களிட்ட நாங்க கேக்கிறதில்ல ஆன்ட்டி" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள். உன் இடம் நிரப்பப்படாமல் இருக்கிறது. மூன்று மாதமாக அவள் உன்னிடம் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும், கேட்டிருந்தால் நீ இவ்வளவு நிம்மதியாகக் கலியாண மண்டபத்துக்கு விளக்குத் தெரிவு செய்துகொண்டு திரியமாட்டாய். நான் செய்ததைத்தான் நீயும் செய்துகொண்டிருக்கிறாய். அவளுக்கு முன்னால் நல்லவனாக இருக்க வேண்டும் என்று, அவள் அறியவேண்டியதை மறைக்கிறாய். எனக்கு ஐந்து மாதத்தோடு புத்தி வந்தது. உனக்கு அவ்வளவு நாள் வேண்டாம்.

அப்பாவிடம் இந்தக் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். "அவன் விடுறதெண்டா நான் கூட நிப்பன் எண்டும் எழுது. பின்னேரம் நாலு மணிதான் கஷ்டம். அந்த நேரம் எனக்குப் போன் எடுக்கட்டும்" என்றார். எழுதிவிட்டேன். நாளைக்கே முழுதாக விட்டுவிட்டேன் என்று வந்து நிற்காதே, நான் நம்பமாட்டேன். விடமுடியாமல் இரண்டு பிடித்தேன் என்று வந்து சொல், நம்புவேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மயூரி பகல் சாப்பாட்டுக்கு வருகிறாள். பத்து மணிக்கே வரச் சொல்லியிருக்கிறேன். நானும் அப்பாவும் அந்த நேரம் கோயிலில் இருப்போம். பூசை முடிந்து ஆட்டோ பிடிக்கமாட்டோம். அப்பா நடந்து வரப்போகிறாராம். மெதுவாகத்தான் வருவோம். அதற்குள் அவளிடம் சொல்லிவிடு.

அம்மா